ஒரே நாளில் உருவான ஒரே கல்

தையல்காரி தன் வீட்டுக்குள் கல் நுழைந்ததைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். அவள் செய்த முதல் தப்பு அதுதான். பார்க்காமல் இருந்திருந்தால் பாறை வாரியத்தோடு அவளுக்கு எந்த வம்பும் வந்திருக்காது. வாரியத்தில் இருப்பவர்கள் எவரும் எந்தக் கல்லையும் ஏறெடுத்துப் பார்த்தவர்கள் அல்ல. அவர்கள் எல்லாரும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள்.

ஊரை ஒட்டிய எரிமலை சில நாளாகவே உறுமிக்கொண்டிருந்தது. அன்று காலை அவள் பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது, பின்சுவருக்கு வெளியே யாரோ கண்ணாடிச் சாமான்களைக் கூடை கூடையாகக் கொட்டி மிதிப்பது போலச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். மேலே கறுத்த தோல், அது விரிந்த இடமெல்லாம் உள்ளே சிவப்பு. கொல்லையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லை. சாப்பாட்டு இடைவேளை முடிந்து நாற்காலிக்குத் திரும்புகிற அலுவலரின் நடை. அங்கங்கே குமிழ் விட்டு, புஸ்ஸென்று மூச்சும் விட்டது.

அவள் துணி மூட்டைகளை அள்ளிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர், நல்ல மனுஷர், ஆனால் ஆபத்து என்றால் மூளை கழன்றுவிடும். அவர் காலண்டரைக் கழற்றிக்கொண்டு ஓடினார். தரையோடு முடுக்கியிருந்த தையல் மெஷினை மட்டும் யாராலும் நகர்த்த முடியவில்லை. கல் குழம்பு பின்சுவரைத் தள்ளி, சமையலறையை விழுங்கி, தையலறைக்குள் வந்து, மெஷினை இடுப்பளவுக்கு மூடி, முன்னறை வாசற்படியில் களைத்துப்போய் நின்றது. கதவு எரிந்தது, திரை எரிந்தது. மற்றச் செங்கல் சுவர்கள் நின்றன. சில நாளில் மேலே ஏறி நிற்க முடிந்தது. அடுத்தடுத்து மழை பெய்ததும் கை வைக்க முடிந்தது. சரி, உடைத்து அப்புறப்படுத்தி மறுபடி குடித்தனம் நடத்தலாம் என்று அவள் நினைத்தாள்.

நினைத்தால் ஆயிற்றா? அந்த ஊரில் வாரியத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கூழாங்கல்லைக்கூட உடைக்கக் கூடாது.

வாரியத்தின் கட்டடம் பளபளவென்று இருக்கும். முகப்பு முழுக்க மெருகேற்றிய கிரானைட். அதன் மேல் பித்தளை எழுத்தில் 'எரிமலை ஈன்ற கல்' என்று பொறித்திருக்கும். அந்தக் கிரானைட் எந்த எரிமலையின் வாயையும் கண்டதில்லை. பூமிக்கு அடியிலேயே கிடந்து, நிதானமாக ஆறி, நெற்பொரி போல மணிமணியாக உறைந்த கல் அது. ஆனால் வாரியம் தொடங்கிய நாளிலிருந்து, எரிமலைக் கல் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் அந்த முகப்பின் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். அதைப் போல இருந்தால் எரிமலைக் கல். இல்லையென்றால் இல்லை. இதுவரை எந்த எரிமலைக் கல்லும் தேறவில்லை என்பதை வாரியம் தன் கண்டிப்புக்குச் சான்றாகச் சொல்லிக்கொண்டது.

தையல்காரி உதிர்ந்து கிடந்த ஒரு துண்டை மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போனாள். சபை கூடியிருந்தது, தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துணைத் தலைவர். இடுப்பில் எப்போதும் ஒரு சிறிய சுத்தியலைத் தொங்கவிட்டிருப்பதால் ஊரார் அவருக்குச் 'சுத்தியல்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதை அவர் எந்தக் கல்லின் மீதும் பிரயோகித்ததில்லை. பெயர்ப்பலகை அடிக்க உதவும்.

"என்னம்மா இது?" என்றார் தலைவர்.

"மலையிலேருந்து வந்த கல்லுங்க. வீட்டுக்குள்ள வந்து உக்காந்துடுச்சு. உடைச்சு எடுத்துக்கலாமான்னு கேக்க வந்தேன்."

தலைவர் கல்லைத் தொடவில்லை. "இதுல மினுமினுப்பு எங்கே? வெள்ளையும் கறுப்புமா பொடிமணி எங்கே? வரும்போது வாசல்ல பார்த்தீங்கல்ல? அதுக்குப் பேர்தான் எரிமலைக் கல்."

"ஓட்டை ஓட்டையா வேற இருக்கு ஐயா," என்றார் சுத்தியல். "பூச்சி அரிச்சிருக்கு."

"பூச்சி இல்லீங்க. வரும்போதே குமிழ் குமிழா விட்டுச்சு. நான் பார்த்தேன்."

"எங்கே நின்னு பார்த்தீங்க?"

"என் வீட்டுலதான்."

"சொந்த வீட்டைச் சொந்தக் கண்ணால பார்த்தது சாட்சியம் ஆகாது," என்று சுத்தியல் விதியைச் சொன்னார். தலைவர் அதை ரசித்துத் தலையாட்டிவிட்டு எழுந்து நின்றார். எழுந்து நின்றால் உரை என்று அர்த்தம்.

"அம்மா, நீங்க படிக்காதவங்க, உங்கமேல தப்பில்ல. மலை எரியுது. எரிஞ்சா என்ன வரும்? சாம்பல் வரும். உங்க வீட்டு அடுப்புல விறகு எரிஞ்சா கல்லா வருது? அந்தச் சாம்பல் மேல சாம்பல் படிஞ்சு, பொறுமையா உக்காந்து, பல கோடி வருஷம் கழிச்சுதான் கல் ஆகும். எந்தக் கல்லுக்கும் அதுதான் கணக்கு. இந்த வாரியத்துல ஒரு உத்தரவு உருவாகவே எத்தனை வருஷம் ஆகுது தெரியுமா? நாங்க இத்தனை பேர், இத்தனை நாற்காலி, இத்தனை வாகனம் வெச்சுக்கிட்டே அவ்வளவு நாள் எடுத்துக்கறோம். யாருமே இல்லாத மலை ஒரே நாள்ல ஒரு கல்லைச் செஞ்சுடுமா? அப்படிச் செஞ்சா எங்களுக்கு என்னம்மா மரியாதை?"

சபை கை தட்டியது.

"அப்ப என் வீட்டுக்குள்ள வந்தது என்னதுங்க?"

"எதுவும் வரல. அந்தக் கல் பல கோடி வருஷமா அங்கேயேதான் இருக்கு. நீங்கதான் போய் அதைச் சுத்தி வீடு கட்டியிருக்கீங்க."

"ஐயா, அப்ப இத்தனை வருஷமா நான் எங்கே நின்னு சமைச்சேன்?"

"அதைத்தான் நாங்களும் விசாரிக்கப் போறோம்," என்றார் தலைவர் கடுமையாக.

அந்த வாரமே சுத்தியல் பரிவாரத்தோடு வந்து இறங்கினார். சமையலறையில் சுவரிலிருந்து சுவர் வரை கல். தையலறைக்கு வந்தவர் அப்படியே மலைத்து நின்றார். கல்லுக்கு வெளியே தையல் மெஷினின் இரும்புச் சக்கரம் பாதி நீட்டிக்கொண்டிருந்தது. சுத்தியல் மண்டியிட்டார். குரல் தழுதழுத்தது.

"சக்கரம்! பல கோடி வருஷத்துக்கு முன்னாடி ஆதி மனுஷன் செஞ்ச சக்கரம்!"

"அது என் மெஷினுங்க," என்றாள் தையல்காரி. "பக்கத்துல பாருங்க, நான்தான் எண்ணெய் விட்டேன், பிசுக்கு கருகிப் போய் ஒட்டியிருக்கு."

"ஏம்மா, பல கோடி வருஷத்துக்கு முன்னாடி நீங்க இருந்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் எப்படி அது உங்க மெஷின் ஆகும்?"

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? உங்களால் முடிந்தால் சொல்லுங்கள், அவளிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். சுத்தியல் இடுப்பிலிருந்த சுத்தியலை உருவி, அவள் வீட்டு நிலையில் ஒரு பலகையை அடித்தார். 'தொன்மைப் பாறை. தொடுவது குற்றம்.' ஆதி மனிதனின் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்காகத் தலைவருக்கு ஒரு விருது கிடைத்தது. சக்கரத்தை அவர் நேரில் வந்துகூடப் பார்த்திருக்கவில்லை என்பதால், பாரபட்சமற்ற ஆய்வு என்று பாராட்டினார்கள்.

ஆக்கிரமிப்பாளர் என்று பெயர் வாங்கிவிட்ட தையல்காரியை உடனே வெளியேற்றாமல் வாரியம் கருணை காட்டியது. முன்னறையில் இருந்துகொள்ளலாம். பதிலுக்கு, சனிக்கிழமைதோறும் வருகிற பார்வையாளர்களுக்கு அவள்தான் கல்லின் வயதைச் சொல்ல வேண்டும். கட்டில் மேல் ஏறி நின்று எட்டிப் பார்க்கிறவர்களும், "இவ்வளவு பழைய கல்லுக்குப் பக்கத்துல ஏன் உள்பாவாடையைக் காயப்போட்டிருக்கீங்க?" என்று கேட்கிறவர்களுமாக வீடு சந்தைக்கடை ஆனது. ஒருமுறை வாய் தவறி, "போன மழைக்கு முன்னாடி வந்த கல்லுங்க" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். மறுவாரமே தலைவர் வெளியூர்ப் பிரமுகர்களோடு வந்து நின்றார். முதல்முறையாக.

"சொல்லுங்கம்மா. எத்தனை வருஷத்துக் கல்லு இது?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

"சத்தமா சொல்லுங்கம்மா. பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"பல கோடி வருஷம்," என்று அவள் சத்தமாகச் சொன்னாள். பிரமுகர்கள் கை தட்டினார்கள். தன் மெஷினுக்குப் பக்கத்தில், தன் சமையலறையைப் பார்த்தபடி, நாலு பேர் முன்னிலையில் பொய் சொல்ல வைத்துவிட்டார்களே என்று அவள் மனசில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் வந்தது கடைசி உத்தரவு. வீடு மேலே கவிந்திருப்பதால் கல்லுக்கு மூச்சு முட்டுகிறதாம். அடுத்த மழைக்காலத்துக்குள் வீட்டை இடித்துவிடுவார்களாம்.

"விடு," என்றார் வீட்டுக்காரர். "என் தங்கச்சி வீட்டுல போய் இருந்துக்கலாம்."

நாத்தனார் அடுத்த தெருவில்தான் இருந்தாள். நல்லவள், நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம். "தாராளமா வாங்க அண்ணி. என் மெஷின்லயே தைச்சுக்கோங்க. ஆனா நீங்க வந்தா பின்னாடியே அந்தக் கல்லும் வந்துடாதே?" என்று கேட்டாள்.

"வந்தா உனக்கென்ன? உன் புருஷனோட சேர்த்து அதுவும் ஒரு மூலையில கிடக்கட்டும்," என்றாள் தையல்காரி. நாத்தனார் சிரித்துவிட்டாள். தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு செங்கல்லாகச் சேர்த்துக் கட்டிய வீடு அது.

இந்தச் சமயத்தில்தான் தலைவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. தலைவர் மலைச்சரிவில் புதிதாக ஒரு பங்களா கட்டியிருந்தார். எரிமலைக்கு இவ்வளவு பக்கத்திலா என்று கேட்டவர்களிடம், "கல் வந்து சேர பல கோடி வருஷம் ஆகும், அதுக்குள்ள என் பேரப்பசங்களே வித்துட்டுப் போயிருப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தவர் அவர். பெரிய பெரிய ஜன்னல்கள், மலையைப் பார்த்தபடி. அத்தனைக்கும் திரைச்சீலை வேண்டும். ஊரில் நன்றாகத் தைக்கிறவள் இவள் ஒருத்திதான். பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். வயிற்றுப்பாடு இருக்கிறதே.

முக்காலியில் ஏறிச் சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். தலைவர் மேஜையில் உட்கார்ந்து, வாரிய முகப்பில் பதித்தது போக மிஞ்சிய கிரானைட்டில் செய்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். அப்போது பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கூடை கூடையாகக் கண்ணாடி நொறுங்குகிற சத்தம். அவள் அதை எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள். நிதானமாக டேப்பைச் சுருட்டினாள்.

"ஐயா, வருது."

"எது வருது?"

"பல கோடி வருஷம்."

தலைவர் திரும்பிப் பார்த்தார். சமையலறைச் சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதன் இடுக்கில் சிவப்பாக ஒரு நாக்கு நீண்டது. தலைவர், "நில்லு! நில்லு! நான் வாரியத் தலைவர்!" என்று அதைப் பார்த்துக் கத்தினார். பாவம், கல்லுக்குப் பதவி தெரியவில்லை. அப்புறம் ஒரு காலில் செருப்போடும் மறு காலில் செருப்பில்லாமலும் அவர் ஓடிய ஓட்டத்தை, முன்னாலேயே வெளியேறிவிட்ட அவள் சாலை வளைவில் நின்று கண் கொட்டாமல் பார்த்தாள். மேஜை எரிந்தது. ஜன்னலின் இரும்புக் கம்பிகளைக் கல் ஒவ்வொன்றாக விழுங்கியது. அவளுக்கு இனித்தது. எதற்கு மறைக்க வேண்டும்? நெஞ்சு குளிர்ந்து, நாக்கின் அடி வரைக்கும் இனித்தது.

மறுநாள் காலை தலைவர் அவள் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தார். குரலே மாறியிருந்தது.

"தங்கச்சி," என்று ஆரம்பித்தார். இத்தனை நாள் இல்லாத உறவு. "நீ பார்த்தேல்ல? அது நேத்துதானே வந்தது? நான் சொன்னா சாட்சியம் ஆகாது. சொந்த வீடு. நீ வந்து சொல்லணும்."

"சொல்றேங்க. உள்ளதைத்தானே சொல்லப் போறேன். ஆனா முதல்ல என் வீட்டுக் கல்லு ஒரே நாள்ல வந்ததுன்னு நீங்க சபையில சொல்லுங்க. உடைச்சுக்கலாம்னும் சொல்லுங்க."

தலைவர் நெற்றியைத் தேய்த்தார். "அப்படிச் சொன்னா விதி உடைஞ்சுடுமே! நான் எழுதின விதி. என் விருது என்ன ஆகறது? ஊர்ல இருக்கற கல்லெல்லாம் நான் நேத்து வந்தேன், முந்தாநாள் வந்தேன்னு கிளம்பிடுமே!"

அவளைப் படிக்காதவள் என்று சொன்னவர்தானே இவர். தையல்காரிக்கு ஒன்று மட்டும் தெரியும். ஒருவரது உடம்பின் அளவைச் சரியாக எடுத்துவிட்டால், சட்டையை அவரே ஆசையாகப் போட்டுக்கொள்வார்.

"என் கல்லுக்கு மட்டும்னு சொல்லிடுங்களேன். வேற எந்தக் கல்லுக்கும் இது பொருந்தாதுன்னு போட்டுட்டா, உங்க விதி உங்ககிட்ட பத்திரமா இருக்கும்ல?"

தலைவரின் முகம் மலர்ந்தது. "அட! இவ்வளவு பணிவான யோசனையை எங்க சபையிலகூட யாரும் சொன்னதில்ல."

அன்றே சபை கூடியது. தலைவர் எழுந்து நின்றார். "உலகத்திலேயே ஒரே நாளில் உருவான ஒரே கல், இந்த அம்மாவின் சமையலறையில் உள்ள கல்தான். இதற்கு முன்பும் இப்படி ஒன்று உருவானதில்லை, இதற்குப் பின்பும் உருவானதில்லை, இனியும் உருவாகாது. இது என் இறுதித் தீர்ப்பு. இதை மீற யாருக்கும், எனக்கேகூட, அதிகாரம் கிடையாது" என்று முழங்கினார். முழங்கும்போது அவருக்குத் தன் குரலே பிடித்துப்போய், தேவைக்கு மேல் இரண்டு வாக்கியம் சேர்த்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். கை தட்டல் பலமாக இருந்தது. சுத்தியல்தான் ரொம்ப நேரம் தட்டினார்.

மதியத்துக்குள் அவள் வீட்டில் கடப்பாரை இறங்கியது. வீட்டுக்காரரும் நாத்தனாரும் நாத்தனார் புருஷனும் தெருக்காரர்களுமாக உடைத்தார்கள். மெஷின் கருகி, கோணி, சக்கரம் சுற்றாமல் வெளியே வந்தது. பரவாயில்லை, ஆதி மனிதனிடமிருந்து மீட்டாயிற்று.

அடுத்த நாள் தலைவரின் வழக்கு. சொந்த வழக்கு என்பதால் அவர் கீழே நின்றார், சுத்தியல் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியை அவர் பல வருஷமாகப் பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர். உட்கார்ந்ததும் இரண்டு தரம் அமுங்கிப் பார்த்துக்கொண்டார்.

"மலை எரியுது. எரிஞ்சா சாம்பல்தான் வரும்..." என்று தொடங்கி, தலைவரின் உரையை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். "எனவே ஐயா, அந்தக் கல் பல கோடி வருஷமா அங்கேயேதான் இருக்கு. நீங்கதான் போய் அதைச் சுத்தி பங்களா கட்டியிருக்கீங்க."

"யோவ், நான் கண்ணால பார்த்தேன்யா! என் சாப்பாட்டு மேஜை எரிஞ்சுதுய்யா!"

"சொந்த வீட்டைச் சொந்தக் கண்ணால பார்த்தது..."

"எனக்குச் சாட்சி இருக்கு! கூப்பிடு அந்த அம்மாவை!"

தையல்காரி முன்னால் வந்து நின்றாள். பொய் சொல்ல அவளுக்கு அவசியமே இருக்கவில்லை. அதுதான் அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம்.

"வந்துச்சுங்க. என் கண்ணு முன்னாடிதான் வந்துச்சு. சமையலறைச் சுவரை இடிச்சுக்கிட்டு உள்ளே வந்துச்சு. ஐயா நில்லுன்னு சொன்னார். அது நிக்கல. ஐயா ஒத்தைச் செருப்போட ஓடினார். எல்லாம் ஒரே நாள்லதான் நடந்துச்சு."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுத்தியல் சிரிக்கவில்லை.

"சாட்சியத்தை முழுசா நம்பறேன். அந்த அம்மா பொய் சொல்ற ஆள் இல்ல. ஆனா பாருங்க ஐயா, உலகத்துல ஒரே நாள்ல உருவான கல் ஒண்ணே ஒண்ணுதான். அதை நேத்து உடைச்சாச்சு. இன்னொண்ணு உருவாகாதுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. உங்க இறுதித் தீர்ப்பை மீற எனக்கு ஏது ஐயா அதிகாரம்? உங்களுக்கே இல்லையே."

தலைவர் மெதுவாகத் திரும்பித் தையல்காரியைப் பார்த்தார். பணிவான யோசனை எங்கே வந்து தைத்திருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் அவர் கண்ணையே பார்த்தபடி, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் எல்லாம் முறைப்படி நடந்தது. சுத்தியல் நேரில் போய்ப் பலகை அடித்தார். கல்லிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஜன்னல் கம்பிகளைக் கண்டு மண்டியிட்டு, ஆதி மனிதன் கட்டிய உலகின் முதல் சிறைச்சாலை என்று அறிவித்தார். அவருக்கும் ஒரு விருது கிடைத்தது, நாற்காலியும் கிடைத்தது. பங்களாவை இடிக்கும் வரை பழைய தலைவர் கார் ஷெட்டில் இருந்துகொள்ளலாம் என்று வாரியம் கருணை காட்டியது. பதிலுக்கு, சனிக்கிழமைதோறும் வருகிற பார்வையாளர்களுக்கு அவர்தான் கல்லின் வயதைச் சொல்ல வேண்டும்.

முதல் சனிக்கிழமை தையல்காரி இருப்பதில் நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டாள். "எங்கே கிளம்பிட்ட?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "கல்லு பார்க்க," என்றாள். நாத்தனாரையும் கூட்டிக்கொண்டாள்.

கூட்டம் நிறைய. வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், கல்லைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு மேலே எக்கிக் கேட்டாள்.

"எத்தனை வருஷத்துக் கல்லுங்க இது?"

பழைய தலைவர் அவளைப் பார்த்தார். பக்கத்தில் வாரியத்து ஆள் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்கய்யா. பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

அவர் வாரியத்து ஆளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"பல கோடி வருஷம்."

தையல்காரி கை தட்டினாள். நாத்தனாரும் தட்டினாள், வரிசை முழுக்கத் தட்டியது. தொடுவது குற்றம் என்று எழுதியிருந்தும் அவள் கல்லின் மேல் ஒரு கணம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடாகத்தான் இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"போலாமா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"நீ போ," என்று சொல்லிவிட்டு, தையல்காரி வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நின்றாள்.